வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்: முதலில் ஓம், பிறகு ஒலி

வீட்டிலேயே எளிய வால்வு (வெற்றிடக் குழாய்) ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் அமைக்க விரும்புவோர், எந்த வால்வு இனிமையாக ஒலிக்கும் என்று ஆராய்வதற்கு முன், தங்கள் ஹெட்ஃபோனின் மின்மறுப்பு, அதாவது ஒலி சமிக்ஞைக்கு அது காட்டும் தடை, எத்தனை ஓம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே குழாய்க்குள் இரண்டு வால்வுகள் கொண்ட ஈசிசி88-இன் ஒரு பாதியை, கேத்தோடு முனையிலிருந்து வெளியீட்டை எடுக்கும் கேத்தோடு ஃபாலோயர் சுற்றாக இணைத்தால் வெளியீட்டு மின்மறுப்பு ஏறத்தாழ 80 ஓம் என்பதால், 300 ஓம் ஹெட்ஃபோனை அது நன்றாக இயக்கும். 32 ஓம் ஹெட்ஃபோனில் ஆற்றலின் பெரும்பகுதி வீணாகி, ஒலியும் சிதையும். ஹெட்ஃபோனுக்கு நேர்மின்னோட்டம் செல்லாமல் தடுக்கும் வெளியீட்டு மின்தேக்கி 300 ஓமுக்கு 100 மைக்ரோஃபாரட் போதும். ஆனால் அது வால்வுக்கு வழங்கும் உயர் மின்னழுத்தம் முழுவதையும் தாங்கக்கூடியதாக இருப்பது கட்டாயம். வால்வுகள் சூடாகும்போது இந்த மின்தேக்கி மின்னேற்றம் பெறுவதால், அந்நேரத்தில் ஹெட்ஃபோனைச் செருகியிருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாதுகாப்பு. மின்வழங்கியின் 100 மைக்ரோஃபாரட் வடிகட்டி மின்தேக்கிக்குக் குறுக்கே 220 கிலோஓம், 1 வாட் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தால், மின்சாரத்தை நிறுத்திய ஏறத்தாழ 2 நிமிடங்களில் 250 வோல்ட் மின்னழுத்தம் ஓரிரு வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்படியிருந்தும், மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.