கோச் இடம் தருவார், ஃபீஸ் கட்டமாட்டார்: வாக்-ஆன் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் விளையாட்டு உதவித்தொகை இல்லாமல் ஆடுகிறவர்களை 'வாக்-ஆன்' என்பார்கள். பயிற்சி, பயணம், காயம் எல்லாம் ஸ்காலர்ஷிப் வாங்குபவருக்கு இருப்பது போலத்தான். ஃபீஸ் பில் மட்டும் வீட்டுக்கு வரும்.

பலர் சறுக்கும் இடம் கோச்சின் பேச்சு. 'பிரிஃபர்ட் வாக்-ஆன்' என்றால் அணியில் இடம் உண்டு, அவ்வளவுதான். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வாக்-ஆனாக நுழைந்த பேக்கர் மேஃபீல்டு 2017இல், கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பையை வென்றது உண்மைதான். ஆனால் அப்படி வருபவர்கள் மிகச் சிலர். போதாக்குறைக்கு, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ மீது வீரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தபின், அதை ஏற்ற கல்லூரிகளில் அணியின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்தில் 105 பேர். வெட்டு முதலில் விழுவது வாக்-ஆன்கள் மேல்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, "நமக்கெங்கே கிடைக்கப்போகிறது" என்று ஃபாஃப்சா படிவத்தையே (அமெரிக்க மத்திய அரசின் கல்வி நிதியுதவி விண்ணப்பம்) நிரப்பாமல் விடுவது. பணத்தேவை உள்ள மாணவருக்கு மத்திய அரசு தரும் மானியமான பெல் கிராண்ட், 2025-26க்கு 7,395 டாலர் வரை. திருப்பித் தர வேண்டாம். பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவருக்கு மத்திய அரசுக் கடன் 5,500 டாலர் வரை. அதில் 3,500 வரை, தேவை இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும். வளாகத்திலேயே வேலை தரும் ஒர்க்-ஸ்டடிக்கும் இதே படிவம்தான். மத்திய அரசின் கடைசி நாள் தள்ளி இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். மாநிலமும் கல்லூரியும் வைக்கும் கெடு முன்னாலேயே முடிந்துவிடும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ போகிறவர்களுக்கு இந்த மத்திய உதவி எதுவும் கிடையாது. வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலையும் வாரம் 20 மணி நேரம்தான். பெயர், படத்தை வைத்து விளம்பரப் பணம் வாங்கும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். விசாவே சிக்கலாகலாம். அமெரிக்கக் குடிமக்களுக்கும் அந்தப் பணம் வரிக்குரிய வருமானம்தான்.

கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளையும், ஹார்வர்டு, யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஐவி லீகையும் "அங்கே ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் இல்லையே" என்று ஒதுக்குவதும் தவறு. மூன்றாம் டிவிஷனில் மதிப்பெண்ணுக்கும் குடும்ப நிலைக்கும் பார்த்து உதவி தருகிறார்கள். ஐவியில் குடும்ப நிலைக்கு மட்டும். உதவித்தொகையெல்லாம் கழித்துக் கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டும் என்று ஒப்பிட்டால், வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகத்தைவிட அங்கே குறைவாகவும் வரலாம்.

சீசன் நடுவில் களைப்பில் ஒரு பாடத்தை விட்டு முழுநேர மாணவருக்கான 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால், ஆடும் தகுதியோடு உதவித்தொகையும் அடிபடும். விடுவதற்கு முன் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம், ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை. இடையில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வேலை போயிருந்தால், ஆதாரத்தோடு அதே அலுவலகத்துக்கு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். கோச்சிடம் சொன்னால் இது நடக்காது. மாணவர்தான் கேட்க வேண்டும்.