கல்வட்டத்தைத் தோண்டாமல் பதிவு செய்வது எப்படி?

சென்னைக்குத் தெற்கே சாணூரிலும் வடக்கே அமிர்தமங்கலத்திலும் 1950களிலேயே இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து, பெருங்கற்கால ஈமச்சின்னங்களை வெளிக்கொண்டு வந்தது. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரக் குன்றுகளின் அடிவாரத்தில் யாரும் அளக்காத கல்வட்டங்கள், அதாவது இறந்தவரைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் பெரிய கற்களை வளையமாக வைத்த ஈமச்சின்னங்கள், இன்னும் இருக்கின்றன. மனை போடுபவர்களும் குவாரிக்காரர்களும் வந்துவிட்டால் அவை ஒரே வாரத்தில் போய்விடும். அளந்து வைத்தால் அளவாவது மிஞ்சும்.

பொங்கல் முடிந்து புல் காய்ந்த பிறகு கிளம்புங்கள். அதற்கு முன் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் புரட்டுங்கள். இன்று சீமைக்கருவேலம் மூடிய இடம் அன்று வெட்டவெளியாக இருந்திருக்கலாம். இடத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சாய்வெயிலில் அரை அடி மேடுகூட நிழல் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நிலத்துக்காரரிடம் அனுமதி கேளுங்கள், ஆடு மேய்ப்பவர்களிடம் விசாரியுங்கள். பாண்டவர் குழி, குள்ளர் வீடு என்று ஊரார் சொல்லும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதெல்லாம் கல்வட்டம் இல்லை. மண்ணில் பாதி புதைந்த பெரிய கற்கள் வளையமாக நின்று, நடுவில் சிறுகற்கள் மேடாகக் குவிந்திருந்தால் நம்பலாம். கல்லில் துளை போட்ட தடமும் புதிதாக உடைந்த கூர்முனையும் தெரிந்தால் அது குவாரிக் கழிவு.

இனி அளவெடுப்பு. பொறுமையெல்லாம் இதற்குத்தான் வேண்டும். 30 மீட்டர் டேப் இரண்டு, திசைகாட்டி, கிராஃப் தாள், பென்சில், கூட ஒரு ஆள் போதும். முதல் டேப்பை வட்டத்தின் நடுவழியாக வடக்கு தெற்காக இழுத்துக் கட்டுங்கள். அதுதான் அடிக்கோடு. இரண்டாவது டேப்பின் நுனியை ஒரு கல்லில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அடிக்கோட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். எங்கே அளவு மிகக் குறைவாக வருகிறதோ அங்கேதான் செங்கோணம். இரண்டு டேப்பிலும் உள்ள எண்களை எழுதிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போங்கள். சரிவில் டேப்பைத் தரையோடு படுக்கவிடாமல் கிடைமட்டமாகப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற கணக்கில் அங்கேயே வரைந்துவிடுங்கள். விழுந்த கல், காணாமல் போன கல்லின் குழி, இரண்டையும் தனித்தனிக் குறியால் காட்டுங்கள்.

மேட்டின் உயரத்துக்குக் கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே போதும். உச்சிக்கும் நான்கு பக்கத் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனித்தனியாக எடுங்கள். நிலம் சாய்ந்திருந்தால் ஒரு பக்க அளவு ஏமாற்றிவிடும்.

நான்கு திசையிலிருந்தும் அளவுகோல் தெரியும்படி படம் எடுங்கள். போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். வட்டங்கள் நெருங்கி இருந்தால் எது எது என்று குழம்பும். நகராத ஒரு பாறையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தூரமும் திசையும் எடுத்து எண் கொடுங்கள்.

கருப்பு சிவப்புப் பானை ஓடு கிடந்தால் கிடந்தபடியே படம் எடுங்கள், கையில் எடுக்காதீர்கள். இடம் மாறிய ஓட்டால் அந்த ஈமக்குழியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. புதையல் தேடுபவர்கள் இருக்கிறார்கள், ஆகவே துல்லியமான இடத்தைப் பேஸ்புக்கில் போடவே போடாதீர்கள். வரைபடம், படங்கள், குறிப்புகளின் பிரதியை எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் உள்ள மாநிலத் தொல்லியல் துறையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.