காலி டப்பாவை நம்பாதீர்கள்

போன வாரம், எச்.ஐ.வி. ஆலோசனை தரப் புதிதாகச் சேர்ந்த கவுன்சிலர் ஒருவர் பேசுவதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். (பக்கத்து மேசைக்குக் கேட்கிறதே, அது தனித் தவறு.) எதிரே இருபது வயதுத் தம்பி. ஆண்களோடு உறவு உண்டு, எச்.ஐ.வி. இல்லை, வராமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரை வேண்டும் என்று அவனாகவே வந்திருக்கிறான். நம்மாள் நோட்டைத் திறந்து முதலில் கேட்டது: "மாசத்துக்கு எத்தனை பேர்?" தம்பி முகம் இறுகிப்போனது. நானும் இந்தக் கேள்வியில்தான் தொழிலைத் தொடங்கினேன்.

டெஸ்ட் எடுக்காமல் மாத்திரை தருவது, கிட்னிக்கு கிரியாட்டினின் பார்க்காமல் விடுவது எல்லாம் பயிற்சியிலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக வரும் கவுன்சிலர்கள் செய்யும் மற்ற தவறுகள் இவை.

"நீ ஹை ரிஸ்க்" என்று ஆரம்பிப்பது

அவன் காதில் விழுவது "நீ கெட்டவன்". அடுத்த வாரம் வரமாட்டான்.

டப்பாவை மறப்பது

ப்ரெப்பில் உள்ள டெனோஃபோவிர், தொற்று உள்ளவர்களின் கூட்டு மருந்திலும் உண்டு. ரூம்மேட் அந்த மருந்தின் பெயரை கூகுளில் தட்டினால் போதும், பையனுக்கு "எய்ட்ஸ்" என்று மேன்ஷன் முழுக்கப் பரவிவிடும். எங்களிடம் வரும் தம்பிகள் நோயைவிட அந்த டப்பா குலுங்கும் சத்தத்துக்கு அதிகம் பயப்படுகிறார்கள். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைக்கச் சொல்லுங்கள். எங்கே வைப்பான் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

கணக்குக் கேட்டுத் திட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருந்த ஒரு தம்பி. முதல் மாதம் டப்பாவில் பதினோரு மாத்திரை மிச்சம். "சும்மா வேஸ்ட் பண்றதுக்கா இது?" என்று ஹெட்மாஸ்டர் மாதிரி பிடித்துக்கொண்டேன். "சாரிண்ணா" என்றான். அடுத்த மாதத்திலிருந்து டப்பா காலியாகவே வந்தது. எனக்கு ஒரே பெருமை.

நடந்தது வேறு. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அம்மா பையைக் குடைவார் என்று மாத்திரையை அறையிலேயே விட்டுப் போயிருக்கிறான். திரும்பி வந்தும் தொடரவில்லை. மிச்சத்தைக் காட்டப் பயந்து பாத்ரூமில் கொட்டியிருக்கிறான். மூன்று மாத டெஸ்டைத் தட்டிக்கழித்தான். ஒழுங்கான பையன்தானே என்று நானும் விட்டேன். அப்புறம் ஒரு நாள் பயம் வந்து, யாரிடமும் சொல்லாமல் மறுபடி போட ஆரம்பித்திருக்கிறான். கடைசியில் டெஸ்ட் எடுத்தபோது பாசிட்டிவ்.

ப்ரெப்பில் இருப்பது இரண்டு மருந்து. தொற்றைத் தடுக்க அது போதும். உள்ளே நுழைந்துவிட்ட கிருமியை அடக்கப் போதாது. அரைகுறையாக அடிவாங்கும் கிருமி அந்த மருந்துக்கே பழகிக்கொள்ளலாம். அதனால்தான் நடுவில் விட்டவன் மறுபடி தொடங்குமுன் டெஸ்ட். "விட்டுட்டேண்ணா" என்று சொல்ல வாய் வந்தால்தானே அந்த டெஸ்டை எடுக்க முடியும்?

ப்ரெப் மாத்திரையைச் சோதித்து 2010-இல் வெளியான ஐப்ரெக்ஸ் ஆய்வில் ஆறு நாடுகளைச் சேர்ந்த 2,499 பேர் இருந்தார்கள். கேட்டால் பெரும்பாலோர் ஒழுங்காகச் சாப்பிடுவதாகத்தான் சொன்னார்கள். மருந்து பெற்றவர்களில் சிலரின் ரத்தத்தைச் சோதித்தால், தொற்று வராதவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேரிடம்தான் மருந்து இருந்தது. தொற்று வந்தவர்களில் 9 சதவீதம். வெள்ளைக் கோட்டு எதிரில் உட்கார்ந்தால் எந்த ஊர்க்காரனும் நல்ல பிள்ளைதான்.

இப்போது நான் கேட்பது: "எல்லாரும் சில நாள் விட்டுடுவாங்க. நீ எந்தெந்த நாள் விட்டே?" ஒரு நாள் விட்டால் குடி முழுகிவிடாது. தினமும் முடியாதவனுக்கு இன்னொரு வழியும் உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, அதிலிருந்து 24 மணி கழித்து ஒன்று, 48 மணி கழித்து ஒன்று. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு இது ஆகாது. டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த மேன்ஷன் தம்பி ஏஆர்டி (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து) எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறான். இன்னும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறான்.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்"

வாயைத் திறக்காதீர்கள்.

ப்ரெப் இருந்தால் காண்டம் எதற்கு என்பது

சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களுக்கு இந்த மாத்திரை ஒரு பொருட்டே இல்லை.

நேற்று ராத்திரி பயந்தவனுக்கு ப்ரெப் விளக்குவது

அவனுக்கு வேண்டியது பெப், அதாவது ஆபத்தான உறவு நடந்த பிறகு தொற்றைத் தடுக்க எடுக்கும் மருந்து. நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள். ஃபாரம் நிரப்புவதை நாளைக்கு வைத்துக்கொண்டு, அவன்கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.