கொட்டியாரக் குடாவுக்கு ஒரு தொடர்ச்சியற்ற முடிவுறு மூலக நிரல்: வகுப்புகளை (class) எங்கே பிரிப்பது?

திருகோணமலைக் கடலைக் கணினியில் ஓடவிட நினைப்பவரை முதலில் தடுமாற வைப்பது ஆழம். கரையோரம் இடுப்பளவு தண்ணீர். கொட்டியாரக் குடாவைத் தாண்டினால் கடலடிப் பள்ளத்தாக்கு 3000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. நீர்மட்டமும் வேகமும் மாறுவதைச் சொல்லும் ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகளை இங்கே தீர்க்கத் தொடர்ச்சியற்ற முடிவுறு மூலக முறை நன்றாகப் பொருந்தும். 1973இல் ரீட், ஹில் இருவரும் நியூத்திரன் கடத்தலுக்காக முன்வைத்த முறை இது. கடற்பரப்பை முக்கோணங்களாக, அதாவது மூலகங்களாக, வெட்டினால் ஒவ்வொரு முக்கோணமும் தன் நீர்நிலையைச் சொல்லும் பல்லுறுப்பியைத் தானே வைத்திருக்கும். அயல் முக்கோணத்தோடு அதற்குள்ள ஒரே உறவு, பொது விளிம்பைக் கடக்கும் பாயம் (flux).

வகுப்புகளையும் அந்த விளிம்பிலேயே வெட்டுங்கள். புதிதாக எழுதுவோர் முக்கோண வகுப்புக்குள் அயலவர் பட்டியலை வைத்து, ஒரே பாயத்தை இரு பக்கமும் தனித்தனியே கணிப்பார்கள். வேலை இரட்டிப்பாகும், இரண்டு விடைகளும் கடைசி இலக்கங்களில் விலகினால் நீரின் திணிவு மெல்லக் கசியும். விளிம்பைத் தனிப் பொருளாக்குங்கள். விளிம்புக்குச் செங்குத்தான செவ்வன் எப்போதும் இடப்பக்க முக்கோணத்திலிருந்து வெளியே பார்க்கட்டும். பாயத்தை ஒரே தடவை கணித்து, இடப்பக்கத்தில் கழித்து வலப்பக்கத்தில் கூட்டுங்கள்.

அதிகம் பேர் விழும் குழி இனித்தான். இரு முக்கோணங்களின் முனைகளும் இடஞ்சுழியாக எண்ணிடப்பட்டிருந்தால், பொது விளிம்பை இருவரும் எதிரெதிர்த் திசையில் நடப்பார்கள். விளிம்பில் பாயத்தைக் கணித்துக் கூட்டும் 4 தொகையிடற் புள்ளிகள் இருந்தால் இடப்பக்கத்தின் முதற்புள்ளி வலப்பக்கத்துக்கு நாலாவது. இதை மறந்தாலும் மாறிலித் தரவில் நிரல் சரியாகவே ஓடும். பிழை வெளியே தெரியாது. அதனால் முதற் சோதனைக்கு நேர்கோட்டுச் சார்பு ஒன்றைக் கொடுத்து, விளிம்பின் இரு பக்கப் பெறுமானங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

எல்லை வகுப்பின் வேலை 'வெளிநிலை' ஒன்றை, அதாவது எல்லைக்கு அப்பால் இருப்பதாகக் கொள்ளும் நீர்நிலையை, திருப்பித் தருவது மட்டும். கரைச் சுவரானால் செவ்வன் திசை வேகத்தின் குறியை மாற்றும். திறந்த கடலானால் வற்றுப்பெருக்கு மட்டத்தைத் தரும். மூதூர்ப் பக்கம் மகாவலி கலக்கும் இடமானால் ஆற்றின் பாய்ச்சலைத் தரும். தான் எல்லையில் இருப்பது பாயச் சார்புக்குத் தெரிய வேண்டியதில்லை.

மெய்நிகர் சார்புகளை (virtual function: எது ஓடும் என்பது ஓட்ட நேரத்தில் முடிவாகும் அழைப்பு) எல்லைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 50,000 முக்கோண வலையில் ஏறத்தாழ 75,000 விளிம்புகள். விளிம்புக்கு 4 புள்ளி, நேரத்தில் முன்னேற்றும் ரங்க-குட்டா முறையின் 3 கட்டம் என்றால் ஒரு நேரப்படிக்கே 9 இலட்சம் அழைப்புகள். உள்வளையத்தில் பாயத்தை டெம்ப்ளேட்டாக (template) கொடுத்தால் கம்பைலர் அதை உள்ளேயே விரித்துவிடும். நினைவகம் பிரச்சினையே இல்லை: படி 2 பல்லுறுப்பிக்கு முக்கோணத்துக்கு 6 கெழுக்கள், 3 மாறிகள், மொத்தம் 7.2 மெகாபைட்.

நேரப்படிக்கு, மூலகத்தின் நீளத்தை அலைவேகத்தின் 5 மடங்கால் வகுங்கள் (பல்லுறுப்பிப் படியின் இரு மடங்கோடு 1). 10 மீட்டர் ஆழத்தில் அலைவேகம் செக்கனுக்கு 9.9 மீட்டர், 100 மீட்டர் மூலகத்துக்கு 2 செக்கன் கிடைக்கும். அதே அளவு மூலகத்தைப் பள்ளத்தாக்கின் மேல் வைத்தால் வேகம் 171 மீட்டராகி, நேரப்படி 0.12 செக்கனுக்குச் சுருங்கும். ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மூலகத்தைப் பெரிதாக்குங்கள். அங்கே 1.7 கிலோமீட்டர் போதும்.

அலையை ஓடவிடுமுன் நீரை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். மட்டம் சுழி, வேகம் சுழி, அடித்தரை மட்டும் உண்மையானது. ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின்னும் தசமத்தின் பின் பத்து இடங்களுக்கு வேகம் சுழியாகவே இருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் விளிம்பில் நீரோட்டம் முளைத்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அடித்தரை விளிம்புகளில் தொடர்ச்சியாக இல்லாதிருக்கலாம். அல்லது தொகையிடல் போதாதிருக்கலாம். படி 2 பல்லுறுப்பியில், விளிம்பில் தொகையிட வேண்டிய சார்பு 6ஆம் படிவரை வரும். 3 காவுசுத் (Gauss) தொகையிடற் புள்ளிகள் 5ஆம் படிவரைதான் சரியாகத் தொகையிடும், 4 வேண்டும். முக்கோணத்தின் உள்ளே 5ஆம் படிக்கான 7 புள்ளி விதி போதுமானது.

பின்பு, தீர்வு தெரிந்த வழுவழுப்பான ஒரு கணக்கில் வலையை ஒவ்வொரு முறையும் பாதியாக்குங்கள். வழு ஒவ்வொரு முறையும் எட்டிலொன்றாகக் குறைய வேண்டும். நாலிலொன்றாகத்தான் குறைகிறதென்றால் முதலில் நேரப்படியை இன்னும் சிறிதாக்கிப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் விளிம்புப் புள்ளிகளின் வரிசைக்குத் திரும்புங்கள்.