மூங்கில் துணி, மோடல், லையோசெல்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கடைக்காரர் "மூங்கில் துணிங்க, முழுக்க இயற்கை" என்று பனியனையோ துண்டையோ நீட்டினால், முதலில் உள்பக்கத் தையலில் இருக்கும் லேபிளைப் பாருங்கள். அதில் விஸ்கோஸ் அல்லது ரேயான் என்று இருந்தால், மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டிக்குள் இழையாகப் பீய்ச்சி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்படிப்பட்ட ரேயானை வெறும் மூங்கில் என்று சொல்லி விற்ற வழக்கில் வால்மார்ட், கோல்ஸ் என்ற கடை நிறுவனங்கள் 2022-இல் அமெரிக்க அரசுக்கு 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

மூங்கில் வேகமாக வளரும், பூச்சிமருந்து அவ்வளவாக வேண்டாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது தோட்டத்துக் கதை, ஆலைக் கதை வேறு. கார்பன் டைசல்பைடைத் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளிக்கு நரம்பும் இதயமும் கெடும். கழிவுநீர் என்ன செய்யும் என்பதைச் கோவை மாவட்டச் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலையால் பவானி ஆறு பட்ட பாட்டைப் பார்த்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சரி, எதை வாங்குவது? என் ஓட்டு லையோசெல்லுக்கு. அதுவும் மரக்கூழ்தான், ஆனால் கார்பன் டைசல்பைடு கிடையாது. கரைக்கப் பயன்படும் திரவத்தில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்து மறுபடி அதே வேலைக்கு விடுகிறார்கள். இதில் ஒரு சிக்கல், லையோசெல்லுக்கு லென்சிங் நிறுவனம் போடும் டென்செல் என்ற பிராண்ட் பெயரை மட்டும் நம்ப முடியாது, அதே பெயரை அது மோடலுக்கும் போடுகிறது, மோடல் விஸ்கோஸ் முறையிலேயே வரும் அதன் தம்பி. அதனால் லையோசெல் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

விஸ்கோஸ்தான் கட்டுப்படியாகும் என்றால், இழை எந்த ஆலையில் வந்தது, மரம் பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்தது என்பதற்கான எஃப்.எஸ்.சி. சான்று உண்டா என்று பிராண்டுக்கு ஒரு மெயில் தட்டுங்கள். பதில் வராவிட்டால் அதுவே ஒரு பதில். கேனபி என்ற காடு பாதுகாப்பு அமைப்பு விஸ்கோஸ் தயாரிப்பாளர்களைக் காடு சார்ந்து மதிப்பிட்டு வெளியிடும் பட்டியலில் அந்த ஆலையின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

லேபிளே இல்லையா? ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். உருகி கெட்டி மணியானால் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைக் கலப்பு, அது மக்காது. காகிதம் எரிந்த வாசனையும் சாம்பலும் வந்தால் பருத்தியாகவும் இருக்கலாம், விஸ்கோஸாகவும் இருக்கலாம். இன்னொரு நூலை நனைத்து இழுங்கள், விஸ்கோஸ் என்றால் பட்டென்று அறும், பருத்தி ஈரத்தில் இன்னும் உறுதியாகும்.

இதனால்தான் விஸ்கோஸ் துணியை முறுக்கிப் பிழியக் கூடாது. குளிர்ந்த நீரில் அலசி, அழுத்தி நீரை எடுத்து, நிழலில் விரித்துக் காயப்போடுங்கள், சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும்.