பள்ளிக்கூடத் தெருவில் சைக்கிள்: பிள்ளைக்கு எதை முதலில் பழக்குவது?

கொழும்பில் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் வீட்டில் எல்லாரும் பயப்படுவது காலி (Galle) வீதியில் பறக்கிற 100, 101 இலக்கப் பஸ்களுக்குத்தான். பயம் நியாயமானதே. ஆனால் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருக்களில், காலை ஏழு மணிக்கும் பகல் ஒன்றரைக்கும், ஓடுகிற வாகனத்தைவிட நிற்கிற வாகனத்துக்குத்தான் நான் கூடப் பயப்படுவேன். வரிசையாக ஸ்கூல் வான்கள், இடையில் ஓட்டோக்கள், "ஒரு நிமிஷம்தான்" என்று பாதித் தெருவை அடைத்து நிறுத்திய கார். திடீரென்று ஒரு கதவு திறக்கும். இரண்டு வானுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை ஓடி வரும். நின்ற ஓட்டோ சிக்னல் போடாமலே கிளம்பும்.

உங்கள் பிள்ளை விழாமல் மிதிக்கப் பழகிவிட்டது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வயதைப் பற்றி ஒன்று: 10 வயதுக்குக் கீழே தனியாக அனுப்ப வேண்டாம். வருகிற வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்க அந்த வயதில் சரியாக வராது, பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். பள்ளிக்கூடத்தில் சைக்கிளை உள்ளே விடுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

1. சைக்கிளும் ஹெல்மெட்டும்

"வளர்ந்தாலும் ஓடலாம்" என்று பெரிய சைக்கிள் வாங்குவது நம்மவர் பழக்கம். சட்டைக்கு அது சரி, சைக்கிளுக்குச் சரிவராது. சீட்டில் இருந்தபடி இரண்டு காலின் முன்பாதமாவது நிலத்தில் படவேண்டும். பிரேக் கைப்பிடியைப் பிள்ளையின் விரல்கள் எட்டிப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். எட்டாவிட்டால் சைக்கிள் கடையில் சொன்னால் ஒரு திருகாணியைத் திருகி உள்ளே எடுத்துத் தருவார்கள்.

ஹெல்மெட் தலையில் சாயாமல் மட்டமாக இருக்கவேண்டும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் போதும். பின்மண்டையில் தொப்பி போலச் சாய்த்துப் போட்டால் நெற்றிக்குப் பாதுகாப்பில்லை. இரண்டு பக்கப் பட்டியும் காதுக்குக் கீழே சேரவேண்டும், நாடிப் பட்டிக்குள் ஒரு விரல் மட்டும் போகவேண்டும். பூட்டிய பிறகு பிள்ளையை வாயை ஆவென்று திறக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையைக் கீழே அழுத்தினால் அளவு சரி.

அப்புறம் தண்ணீர்ப் போத்தல். அதை ஹாண்டிலில் தொங்கவிடுவதை நான் அறவே விரும்புவதில்லை. வார் முன் சில்லுக் கம்பிக்குள் போனால் சைக்கிள் நிற்கும், பிள்ளை நிற்காது. போத்தல் பைக்குள், சப்பாத்து நாடா சப்பாத்துக்குள்.

2. ஒழுங்கையில் பயிற்சி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டு வாசலில் மைதானம் ஏது? ஞாயிற்றுக்கிழமை காலையோ போயா (பௌர்ணமி விடுமுறை) நாளோ பார்த்து, வீட்டு ஒழுங்கையிலேயே தொடங்கலாம். வெசாக் போயாவை விட்டுவிடுங்கள், அன்று தெருவில் இடமே இருக்காது.

முதலில் பிரேக். சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, முன் சில்லு கோட்டில் நிற்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக, மெதுவாகத் தொடங்கி இறுக்கவேண்டும். முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் பின் சில்லு எழும்பும். எந்தக் கை எந்தப் பிரேக் என்பது பிள்ளைக்கு யோசிக்காமல் தெரியவேண்டும்.

அடுத்தது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பது. இதைத்தான் பலர் சொல்லிக்கொடுப்பதில்லை. வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும்போது கையும் கூடவே திரும்பும், சைக்கிள் வலப்பக்கம் இழுபடும், பின்னால் வருகிற வாகனத்துக்கு முன்னால் போய்விடும். பழக்குவது சுலபம். நிலத்தில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். பிள்ளை கோட்டின்மேல் ஓடட்டும், நீங்கள் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். "தம்பி, எத்தனை?" என்றதும் திரும்பிப் பார்த்து "மூண்டு அப்பா" என்று சொல்லவேண்டும், சில்லு கோட்டை விட்டு விலகக்கூடாது. இது தடுமாறாமல் வரும்வரை வீதிக்கு இறங்கவேண்டாம். வந்த பிறகு, வலப்பக்கம் பார்த்து, வலக்கையை நீட்டி, மறுபடி கையை ஹாண்டிலுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள்.

3. நிற்கிற வாகனத்தைக் கடப்பது

முதல் பாடம் சைக்கிள் இல்லாமல். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பிள்ளையோடு நடைபாதையில் நின்று வாகனங்களைப் பாருங்கள், "இதில் எது இப்போது கிளம்பும்?" என்று கேளுங்கள். அடையாளங்கள் உண்டு. முன் சில்லு வலப்பக்கம் திரும்பியிருக்கிறதா? பிரேக் வெளிச்சம் எரிகிறதா, அல்லது இப்போதுதான் அணைந்ததா? பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் தெரிகிறதா? முகம் தெரிந்தால் வண்டிக்குள் ஆள் இருக்கிறார், கதவு திறக்கலாம் என்று பொருள். ஓட்டோவுக்குக் கதவே இல்லை. வெளியே நீட்டிய கால்தான் அடையாளம். இரண்டு மூன்று நாளில் பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

சைக்கிளில் கடக்கும்போது ஒழுங்கு இது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கிலும் விரலை வைக்கவேண்டும். தோளுக்கு மேலால் பார்க்கவேண்டும். பின்னால் வாகனம் வந்தால் நின்று விடவேண்டும். வராவிட்டால் கையைக் காட்டி, ஒரு கதவு முழுதாகத் திறந்தாலும் முட்டாத அளவுக்கு விலகிப் போகவேண்டும், சுமார் ஒரு மீட்டர். அந்த இடைவெளி இல்லாத தெருவா? இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். ஒன்றன்பின் ஒன்றாக வான்கள் நின்றால் நடுவில் உள்ள இடைவெளிக்குள் புகுந்து புகுந்து வரக்கூடாது, நேர்கோட்டில் வரவேண்டும். அப்போதுதான் பின்னால் வருபவருக்குப் பிள்ளை தெரியும்.

வானின் இடப்பக்கத்தால் போகவே கூடாது. இழுக்கிற கதவு அந்தப் பக்கம்தான், பிள்ளைகள் குதிப்பதும் அங்கேதான். போதாததற்கு ஓரத்தில் கான் (வடிகால்). பஸ்ஸுக்கும் இதே சட்டம். ஹோல்ட்டை நோக்கி இடப்பக்கம் ஒதுங்குகிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் அகப்பட்ட சைக்கிள் சாரதியின் கண்ணுக்கே படாது.

4. பாதை

கிட்டிய பாதையைத் தேடவேண்டாம், அமைதியான பாதையைத் தேடுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கைகள் மிதிக்கத் தோதானவை, ஆனால் அவை முடிகிற இரண்டு பெரிய வீதிகளிலும் பிள்ளை சைக்கிளில் குறுக்கே போகக்கூடாது. கடவையில் இறங்கி, தள்ளிக்கொண்டு, நடந்தே கடக்கவேண்டும். கான் மூடிகளுக்கு நடுவில் உள்ள வெடிப்பையும் பாருங்கள். சில்லின் போக்கிலேயே வெடிப்பு இருந்தால் ஒல்லி ரயர் உள்ளே இறங்கிவிடும்.

முதலில் விடுமுறை நாளில் ஒருமுறை ஓடிப் பாருங்கள், பிறகு பள்ளி நேரத்தில். வீதியில் நீங்கள் பின்னால், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி ஓடுங்கள். முன்னால் போனால் பிள்ளை என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

5. மழை, இருட்டு, விழுந்தால்

சில்லு நனைந்தால் பிரேக் பிடிக்க அதிக தூரம் எடுக்கும், கடவையின் வர்ணக்கோடு வழுக்கும். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டவே கூடாது. தெருவில் தண்ணீர் நின்றால் அன்றைக்குச் சைக்கிள் வேண்டாம், அடியில் கான் திறந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கொழும்பில் வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குள் பொழுது பட்டுவிடும், ஆகவே டியூஷன் போகிற பிள்ளைக்கு முன்னால் வெள்ளை வெளிச்சமும் பின்னால் சிவப்பு வெளிச்சமும் கட்டாயம்.

விழுந்து தலை அடிபட்டால், வாந்தி எடுத்தால், பிள்ளை மயங்கினால் அல்லது குழம்பிப் பேசினால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அந்த ஹெல்மெட்டை மறுபடி பாவிக்கவேண்டாம். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கிற நுரை நசிந்திருக்கும், அடுத்த அடியை அது தாங்காது.