வாயு வட்டில் ராஸ்பி சுழல்: கணினியில் உருவாக்கும் முறை

இளம் விண்மீனைச் சுற்றும் வட்டில் அடர்த்தி ஓரிடத்தில் மேடிட்டிருந்தால், அந்த மேடு ராஸ்பி அலை நிலையின்மையால் உடைந்து சுழல்களாகும். 1999-இல் லவ்லேஸ் குழுவினர் இதற்கான நிபந்தனையை வகுத்தார்கள். ஓபியூக்கஸ் ஐஆர்எஸ் 48 என்னும் இளம் விண்மீனின் வட்டில் ஆல்மா ரேடியோ தொலைநோக்கி காட்டிய பிறைவடிவத் தூசித் திரளுக்கும் இத்தகைய சுழலே காரணமாகச் சொல்லப்படுகிறது. வட்டின் வாயு ஓட்டத்தைக் கணிக்கும் ஃபார்கோ3டி போன்ற நிரலில் இதை இருபரிமாணத்தில் ஓட்டலாம். ஓட்டம் கெடுவது பெரும்பாலும் தொடக்கநிலையில்தான். அதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

ஆரம் 1-இல் வட்டின் தடிமன் 0.05 என்று வையுங்கள். அங்கேயே பரப்படர்த்தியில் காஸியன் (மணிவடிவ) மேடு ஒன்று: அகலம் 0.05, உச்சி பின்னணியைப்போல் 1.4 மடங்கு. ஓட்டுவதற்கு முன் ராலே நிபந்தனையை, அதாவது கீழ்வரும் எண் எதிர்க்குறியாகாமல் இருக்கிறதா என்பதை, சோதிக்க வேண்டும். 0.4-ஐ 1.4-ஆல் வகுத்து, தடிமனுக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 1-இலிருந்து கழியுங்கள். வருவது உச்சியில் எபிசைக்கிளிக் அதிர்வெண்ணின் (ஆரத்திசையில் சற்று விலகிய வாயு ஊசலாடும் வீதத்தின்) வர்க்கம் (கெப்ளர் மதிப்பின் வர்க்கத்தை 1 என்று கொண்டு). இங்கே 0.71, பிரச்சினை இல்லை. உயரத்தை அப்படியே விட்டு அகலத்தை மட்டும் பாதியாக்கினால் −0.14 ஆகிவிடும். அப்போது மேட்டைக் குலைப்பது வேறொரு நிலையின்மை. அதை ராஸ்பி என்று எண்ணி ஏமாறக் கூடாது.

சுற்றுவேகத்தில் அழுத்தச் சரிவையும் சேருங்கள். விண்மீனின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் கொண்ட வெறும் கெப்ளர் வேகம் கொடுத்தால் முதல் சுற்றிலேயே மேட்டிலிருந்து வளைய அலைகள் கிளம்பும். சரிவைச் சூத்திரத்தால் போடாமல், நிரல் பயன்படுத்தும் அதே வேறுபாட்டு முறையில் கணக்கிடுவது நல்லது.

கட்டங்கள்: ஆரம் 0.4 முதல் 2.5 வரை மடக்கை இடைவெளியில் 600, கோணத்தில் 2048. தடிமனுக்குச் சுமார் 16 கட்டங்கள் கிடைக்கும். இரு விளிம்பிலும் தணிப்புப் பகுதி கட்டாயம். இல்லையேல் அலைகள் திரும்பிவந்து வளர்ச்சிக் கோட்டில் நெளிவுகளை உண்டாக்கும்.

ஆர வேகத்தில் ஒலிவேகத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தற்செயல் சலனம் போதும். ஒரே அலையெண்ணை (வட்டைச் சுற்றி எத்தனை அலைகள் என்பதை) மட்டும் ஊட்டாதீர்கள். எது முந்தி வளர்கிறது என்பதை வட்டே தீர்மானிக்கட்டும். பெரும்பாலும் 3 முதல் 5 வரையிலானவை முந்தும், பின்னர் சுழல்கள் ஒன்றோடொன்று சேரும்.

பாகுநிலைதான் அடுத்த பொறி. பாகுநிலையைக் குறிக்கும் எண்ணான ஆல்ஃபா 0.01 என்றால் மேடு ஏறத்தாழ 16 சுற்றுகளில் பரவிக் கரைந்துவிடும். வளர்ச்சி வீதம் கோண வேகத்தில் பத்தில் ஒன்று என்றால், அந்தச் சிறு சலனம் முதிர்வதற்கும் ஏறக்குறைய அவ்வளவு சுற்றுகள் ஆகும். இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும். சுழல் தோன்றாமலே போகலாம். ஆல்ஃபா 0.0001 வைத்தால் மேடு 1600 சுற்றுகள் தாங்கும்.

சரிபார்க்க, ஆர வேகத்தைக் கோணவழி ஃபூரியே கூறுகளாகப் பிரித்து, வீச்சின் மடக்கையைக் காலத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோட்டின் சாய்வே வளர்ச்சி வீதம். அடர்த்திப் படத்தில் கட்டி தெரிவது மட்டும் போதாது: பின்னணியைக் கழித்த சுழிமை (வாயு அங்கே எவ்வளவு, எத்திசையில் சுழல்கிறது என்னும் அளவு) மையத்தில் எதிர்க்குறியாகவும் அழுத்தம் உச்சமாகவும் இருந்தால்தான் அது நாம் தேடும், வட்டின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுழலும் எதிர்ச்சுழல்.

நீளம் அகலத்தைப்போல் 4 மடங்குக்கும் குறைவான சுழல்களை முப்பரிமாணத்தில் நீள்வட்ட நிலையின்மை வேகமாகச் சிதைக்கும். இருபரிமாண ஓட்டத்தில் அது தெரியாது. ஆகவே அவற்றின் ஆயுளை இந்த ஓட்டத்திலிருந்து எடுக்காதீர்கள்.